மாமன் சீரில் பதினேழாவது தட்டு

மேளச் சத்தம் குலதெய்வக் கோவில் வாசலுக்கு வந்துவிட்டது. பூர்ணிமா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, வரிசையாக உள்ளே வந்த சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

தேங்காய், வாழைப்பழம், பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு. பதினேழாவது தட்டைத் தம்பி ராஜ்குமாரே தலையில் சுமந்து வந்தான்.

அதில் ஒரு வீடியோ கேம் கன்சோல் இருந்தது. பெட்டிக்குக் குங்குமம் வைத்து, கதம்பமும் சுற்றியிருந்தார்கள்.

பந்தலே சிரித்தது. காது குத்திக்கொள்ளப் போகும் குந்தவைக்கு வயது பதினோரு மாதம்.

பிள்ளை எங்கே கேட்டது, பெற்றவள்தான் கேட்டாள். தாய்மாமன் சீரில் இன்னதுதான் வேண்டும் என்று அக்கா வாய்விட்டுக் கேட்ட பிறகு, முடியாது என்று சொல்லிவிட்டு எந்தத் தம்பியும் இந்தக் குத்தாலம் பக்கம் தலைகாட்ட முடியாது.

அது தெரிந்துதான் கேட்டாள். பதினான்கு வருடமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தாள். பிள்ளை பிறக்கத் தாமதமானதில் அவளுக்கு இருந்த வருத்தங்களில், இந்தச் சீர் தள்ளிப்போனதும் ஒன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்ததற்கு அப்பா வைத்தியலிங்கம் ஒரு கன்சோல் வாங்கிக் கொடுத்தார். 'வுல்ஃப் ஹார்பர்' என்ற ஒரே தொடரை மூன்று வருடம் விளையாடினாள். மூன்றாம் பாகத்தில் தொண்ணூற்று நான்கு மணி நேரம் ஆடி, கடைசிக் கோட்டையின் வாசலில் நிறுத்திவிட்டு, நிச்சயதார்த்தப் புடவை எடுக்கக் கும்பகோணம் போனாள்.

திரும்பி வந்தால் டிவிக்குக் கீழே வேறு பெட்டி இருந்தது.

ராஜ்குமார் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புது மாடல் எடுத்து வந்திருந்தான். அவள் ஆடியதெல்லாம் பதிவாகியிருந்த மெமரி கார்டும் அதோடு போய்விட்டது. மறுநாளே தஞ்சாவூர் கடைக்கு ஓடினாள். கார்டை அழித்து வேறொருவருக்கு விற்றாகிவிட்டது.

"அக்காதான் கல்யாணம் ஆயிப் போவப்போவுதே, அதுக்கு எதுக்குப்பா கேம்?" என்று அவன் அப்பாவிடம் கேட்டான். அப்பா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி இருக்கிறான்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்தன. எதைப் பற்றியும் பூர்ணிமாவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. டிஸ்க் போட இடமில்லாமல், கேமை நெட்டில் மட்டுமே வாங்க முடிகிற மாடலை அவள் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை இன்னொருவருக்கு இரவல்கூடத் தர முடியாதென்றால் அது என்ன சொந்தம் என்பது அவள் கட்சி.

வுல்ஃப் ஹார்பர் மூன்றோடு முடிந்தது என்பாள். நான்கில் ஊரைப் பெரிதாக்கிவிட்டு ஆளே இல்லாமல் விட்டார்கள். ஐந்தில் கத்தியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் பாடம் நடத்தினார்கள். இந்தப் புதுக் கன்சோலில் மட்டுமே ஓடும் ஆறாம் பாகத்தில் பனி பெய்வதெல்லாம் அழகுதான். ஆனால் குதிரைக்குச் சேணம் வேண்டுமென்றால் தனிக் காசு, அதிலும் மூன்றாவது சேணத்துக்கும் நான்காவதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. கேட்பவர்கள், இவள் இதைப் பற்றியெல்லாம் ரொம்பப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போனில் சீர் பேசியபோது ராஜ்குமார் டிஸ்க் இல்லாத மாடலுக்கு அடி போட்டான். அவள் மசியவில்லை.

தனக்கென்று இதே பெட்டியை வாங்க அவன் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். மூன்றாம் பாகத்தைப் புதுப்பித்து அடுத்த வெள்ளிக்கிழமை வெளியிடப் போகிறார்கள், அதற்காக ஆபீஸில் லீவுகூடச் சொல்லிவிட்டான் என்பதும் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் வேறு எதைப் பேசினான்?

குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். கன்சோல் பெட்டி அவனுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு கைகளாலும் பிள்ளையைப் பிடித்திருந்ததால் அவனால் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆசாரி ஊசியை இறக்கியதும் குந்தவை வீறிட்டாள். ராஜ்குமாருக்கும் கண் கலங்கிவிட்டது.

மாமனுக்கு என்ன பாசம் என்று பெண்கள் உருகிப்போனார்கள். அவன் பார்வை எதன்மேல் இருந்தது என்பது பூர்ணிமா ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"அக்கா, சாயந்திரம் வீட்டுக்கு வந்து நானே மாட்டித் தரட்டுமா?" அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் போயிடுறேன்."

"புள்ளைக்கு விவரம் தெரியட்டும் தம்பி. அது கையாலயே பிரிக்கட்டும்."

நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னாள். அதுதானே முறை என்று பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

இன்று மாலையே அந்தப் பெட்டி அவள் வீட்டுக் கூடத்தில், ஷோகேஸின் நடுத்தட்டில், உறை பிரிக்காமல் ஏறிவிடும். குந்தவைக்கு விவரம் தெரிவதற்குள் இன்னும் இரண்டு மாடல் வந்து இது பழசாகிவிடும். வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டு வரும்போது ராஜ்குமார் அதன் எதிரில் உட்கார்ந்துதான் காப்பி குடித்தாக வேண்டும்.

பூர்ணிமாவுக்கு அதைப் பிரிக்க ஓர் அவசரமும் இல்லை. இதே மாடல், டிஸ்க் போடுவதுதான், வெளியான மாதமே தன் சம்பளத்தில் வாங்கியது, அவள் படுக்கையறையில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.