வேண்டாம் என்ற மணி பிளான்ட்

சாய்பாபா காலனி ரங்கநாயகி வீட்டில் மூன்றாவது மணி பிளான்ட்டும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. இத்தனைக்கும் அது பேசும் செடி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வாய்விட்டுப் பதில் சொல்லும். அப்படியும் வாடினால் அவள் என்னதான் செய்வாள்?

செடி மெக்கானிக் தினகரன் வந்து தொட்டியைச் சாய்த்தான். குடம் கவிழ்ந்ததுபோல் தண்ணீர் கொட்டியது. வேரில் பாதி அழுகிப்போயிருந்தது.

"தண்ணி வேண்டாம்னு இது சொல்லலீங்களா?"

"தினமும் சொல்லுச்சே! வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்னு."

"அப்புறம் ஏனுங்க ஊத்துனீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! கேட்ட உடனே யாராச்சும் வேணும்னு சொல்லுவாங்களா? கூச்சப்படுதுன்னு நாந்தான் வற்புறுத்தி ஊத்துனேன்."

"இதுவும் செத்துப்போச்சுன்னா எங்க கம்பெனியில உங்களுக்கு அடுத்த செடி தரமாட்டாங்க, பாத்துக்குங்க" என்றபடி அழுகிய வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் நட்டுக் கொடுத்தான் தினகரன்.

அவன் கிளம்பும்போது ரங்கநாயகி காபியோடு வந்து வாசலை மறித்தாள்.

"ஐயோ, வேண்டாமுங்க! இப்பத்தான் குடிச்சேன். இது எனக்கு ஒன்பதாவது வீடுங்க."

"அட, அரை டம்ளர்தானுங்க."

நுரை பொங்கும் முழு டம்ளர் அவன் கையில் ஏறியது.

தொட்டியிலிருந்து ஈனக்குரல் ஒன்று கேட்டது.

"நானும் இதையேதான் சொன்னேன் தம்பி. பேசாம குடிச்சிருங்க."