முகம் பார்த்து ஓடியவள்

நானும் பிலோமினாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தோழிகள். அவள் விளையாட்டு ஆசிரியையாக இருந்த பள்ளிக்கு, அவள் இறந்த பிறகுதான் முதன்முறையாகப் போனேன். மைதானத்தில் சிறுமிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மூத்த மாணவி ஒருத்தி, அவர்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடினாள். விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பதறியது.

ஓட்டம் முடிந்ததும், "ஏம்மா இப்படி ஓடுற?" என்று அவளிடம் கேட்டேன்.

"பிலோமினா டீச்சர் இப்படித்தான் ஓடுவாங்க. எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே."

"மூஞ்சில என்ன தெரியும்?"

"யாரு நிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சிருமாம். நிக்கிறதுக்குள்ள பேரச் சொல்லிக் கூப்பிட்டுருவாங்க. அப்புறம் நிக்கவே தோணாது."

இத்தனை வருடங்களில் பிலோமினா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகினேன்.

"நான் ஓடுறேன். என் மூஞ்சியப் பாரு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்று பின்பக்கமாக ஓடத் தொடங்கினாள். பாதி மைதானம் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. அவள் கண்கள் என் முகத்தை விட்டு அகலவே இல்லை.

"அம்மா," என்று அவசரமாகக் கத்தினாள், "உங்க பேரு என்ன?"