தேங்க விடாதவர்கள்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரக் கல்லூரிப் பட்டறையில் மின் பிளக் பூட்டும் பயிற்சி, ஆளுக்கொரு வேலை. வரிசையில் யாரிடம் வேலை தேங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வெளியூர் மாணவியான என் கையில். திருகாணி முடுக்கும் மெனிக்கின் முன்னால் நாலு பிளக் சேர்வதற்குள் தாமரும் ரினியும் தங்கள் இடத்தை விட்டு ஓடி வருகிறார்கள். மறுபடியும்! இந்த ஊர்க்காரர்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவே முடியாதா? "உங்களை யாருடா கூப்பிட்டா?" என்று கத்துகிறேன். "பாவம்டி, தனியா கஷ்டப்படுறா" என்கிறான் தாமர், அவள் திருப்புளியைப் பிடுங்கியபடியே. "தேங்கினாத்தானே பாடம்? போய் உக்காருங்க!" என்று எரிந்து விழுகிறார் ஆசிரியை. உட்காருகிறார்கள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. வெள்ளை பிளக்குகள் மெனிக்கின் முன்னால் குவிகின்றன. வியர்த்த விரல்களில் திருகாணி வழுக்குகிறது. "ஆ, இதுதான்! அவ பேரைப் போர்டுல எழுது" என்கிறார் ஆசிரியை என்னிடம். மெனிக் நிமிர்ந்து பார்க்கிறாள். போர்டு பேனாவைத் தேடிப் பையைத் துழாவுகிறேன். பேனா என் காதில்தான் செருகியிருக்கிறது, எனக்கே தெரியும்.