புகைக்கு விலை

“எங்க வீட்டு அடுப்பு நாளைக்கு எப்படி எரியும்? இந்தம்மாவையே சொல்லச் சொல்லுங்க சார்!”

தொழிற்சங்கச் செயலாளர் மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டு போய்க் கீழே விழுந்தது. காகித ஆலையில், நிலக்கரியில் ஓடும் பழைய பாய்லரில் அவருக்கு வேலை. கையும் கனம், குரலும் கனம்.

எதிர் மேஜையில் இருந்தவள் நிமிரவில்லை. கூட்டம் நடந்த அந்த அரசு அலுவலகத்தில் அவளுக்குப் ‘புகையம்மா’ என்று பெயர். வைத்த புண்ணியவான் வாசல் காவலாளி. வருஷக்கணக்காக அதே துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதே கோரிக்கையோடு வந்துகொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பான்?

கோரிக்கை சின்னதுதான். கரியை எரித்துப் புகையைக் காற்றில் விடுகிறவர்கள் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வீட்டுக்கு வீடு திரும்பிப் போக வேண்டும். இதற்காக அலைவதற்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது, பஸ் டிக்கெட்கூடக் கைக்காசு. கேட்டவர்கள் எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அதோடு சரி.

இன்றைக்குக் கடைசிக் கருத்துக் கேட்புக் கூட்டம். அரசு அமைத்த குழு பரிந்துரைத்தால் சட்டம் வரும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை நினைத்தபோதே அவளுக்கு முழங்கால் வலித்தது.

“சட்டம் வந்தா முதல்ல மூடுறது எங்க பாய்லரைத்தான்,” என்றார் செயலாளர். “புதுசு வாங்க முதலாளிக்கு மனசு வராது. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? ஊரைக் காப்பாத்துறேன்னு கிளம்பிட்டாங்க. வீடுன்னு ஒண்ணு இருக்கே, அதை யார் சார் காப்பாத்துறது?”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலையிலிருந்து இரண்டு பக்கமும் இதே பல்லவி. அவருக்கும் எப்போதடா முடியும் என்றிருந்தது.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தயாரித்து வந்த குறிப்புகளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“அவர் சொல்றது நியாயம் சார். வேலை போயிடுமோன்னு பயந்துட்டிருக்கிற வீட்டுல யாருக்கும் தூக்கம் வராது. அதனாலதான், வர்ற பணத்துல முதல் பங்கு அந்தத் தொழிலாளிங்களுக்குன்னு சட்டத்துலயே எழுதச் சொல்றேன்.”

தொண்டை கரகரத்தது. தண்ணீருக்குக் கை நீட்டினாள். பாட்டில் ஏற்கெனவே தரையில் கிடந்தது.

“ஆனா ஒண்ணு. பாய்லர்கிட்ட நிக்கிறவங்க சட்டையை இங்க யாராவது துவைச்சுப் பாத்திருக்கீங்களா? எத்தனை தண்ணி மாத்தினாலும் கறுப்பு வந்துட்டே இருக்கும். சட்டையிலயே இவ்வளவுன்னா, நெஞ்சுக்குள்ள எவ்வளவு இருக்கும்? அந்தப் புகைதான் சார் இப்ப வானம் முழுக்க. காசு குடுக்காம புகை விடலாம்ங்கிற வரைக்கும் எவனும் நிறுத்த மாட்டான்.”

செயலாளர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது, அதுவும் நீளமாக. அவர் இருமி ஓயும்வரை அவள் நின்றுகொண்டே இருந்துவிட்டு, பிறகு உட்கார்ந்தாள்.

குழுவினர் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். கடைசியில் தலைவர் நிமிர்ந்தார்.

“புகைக்கு விலை வைக்கலாம்னு பரிந்துரை பண்றோம்.” ஒரு கொட்டாவியை விழுங்கினார். “தொழிலாளிங்க பங்கு விஷயம்... அது இப்ப வேண்டாம். பின்னால பாத்துக்கலாம்.”

செயலாளர் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“அக்கா! ஜெயிச்சுட்டோம்க்கா!” சென்ற வாரம்தான் தொண்டராகச் சேர்ந்திருந்த மருந்துக்கடைப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். “இத்தனை வருஷம் அலைஞ்சது வீண் போகலை. கொஞ்சம் சிரிங்களேன்.”

“சிரிக்கிறேன். முதல்ல என் செருப்பு மேஜைக்கு அடியில எங்க போச்சுன்னு பாரு.”

இத்தனை வருஷமும் இந்த நாளை எப்படியெல்லாமோ கற்பனை செய்திருந்தாள். அழுவோம் என்றுகூட நினைத்ததுண்டு. இப்போது எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது. ‘பின்னால பாத்துக்கலாம்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவள் கண்களை மூடிக்கொண்டாள். பஸ் வருவதாகக் காணோம்.

“அக்கா, எழுந்திருங்க!” பெண் அவள் தோளை உலுக்கினாள். “அந்தச் செயலாளர் வண்டியைத் திருப்பிட்டு நம்மகிட்டதான் வர்றாரு. மூஞ்சியைப் பாருங்க, சண்டைக்குத்தான் வர்றாரு. வாங்க, ஆபீசுக்குள்ளயே ஓடிடலாம்.”

“வரட்டும் விடு.”

மோட்டார் சைக்கிள் அவள் கால் நகத்தில் இடிக்காத குறையாக வந்து நின்றது. செயலாளர் இறங்கவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. மருந்துக்கடைப் பெண் பயத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ரோட்டையே பார்த்தபடி, வண்டியில் தொங்கிய இன்னொரு ஹெல்மெட்டைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

“ஏறு, வீட்டுக்குப் போகலாம். காலையில அடுப்பை அணைச்சுட்டுத்தானே கிளம்பினே?”