பதினோரு மடங்கு

கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரின் மரத்தில் உள்ளங்கையைப் பதித்தபடி உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரைப் பார்த்ததுமே சேல்ஸ்மேனுக்குப் புரிந்துவிட்டது, ஆள் லேசுப்பட்டவர் இல்லை. விலைச் சீட்டு மூக்குக்கு நேரே தொங்குகிறது, மனிதர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லையே!

வாசித்துக்கொண்டிருந்தது அவருடைய மகள். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பேஸ் கிட்டாரை வைத்துக்கொண்டு, அதன் நாலு தடித்த கம்பிகளையும் உறுமவிட்டுக்கொண்டிருந்தாள். "நாளன்னைக்கு எனக்கு முதல் புரோகிராம். இன்னிக்கே ஒண்ணு வாங்கியாகணும்" என்று சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் நுழைந்திருந்தாள்.

சேல்ஸ்மேனுக்கும் இன்றைக்கே விற்றாக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேஸ் கிட்டார் எட்டு மாதமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. கையாலேயே இழைத்துச் செய்தது. இப்போது அவள் வாசிப்பதைப் போலப் பதினோரு மடங்கு விலை.

"மாசக் கடைசிக்குள்ள அதை வித்துக் காட்டு, ஃப்ளோர் மேனேஜர் நீதான். இல்லேன்னா பழையபடி குடோனுக்குப் போய் அட்டைப்பெட்டி அடுக்கு" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். இன்று முப்பத்தொன்றாம் தேதி. குடோனின் எலிகள் சேல்ஸ்மேனின் கண்முன் வந்து போயின.

"சார் மியூசிக் லைனா மேடம்?" என்று மகளிடம் கேட்டார்.

"இல்லீங்க, துணி மில்லுல தறி ஓட்டினவர். ஆனா வீட்டுல நான் வாசிச்சா அப்பா பக்கத்துலயே வந்து உக்காந்துக்குவார். அவருக்குப் பிடிச்சாத்தான் எடுப்பேன்."

"பின்னே! கேள்வி ஞானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சேல்ஸ்மேன் இடுப்புச் சாவியை எடுத்துக் கண்ணாடியைத் திறந்தார். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அந்தக் கிட்டாரைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார்.

"நீங்க வாசிச்சீங்களே, அதைக் குறை சொல்ல மாட்டேன் மேடம். காசுக்கேத்த சரக்கு. ஆனா அதோட கழுத்து ஒத்தை மரம். கம்பியைத் தட்டினா மரமும் கூடச் சேர்ந்து ஆடும், பாதி அதிர்வு அங்கயே வீணாப் போயிடும். இது அப்படியில்ல. அஞ்சு மரத்தை அடுக்கி ஒட்டி, உள்ள ரெண்டு தண்டு சொருகியிருக்காங்க. இடி விழுந்தாலும் மரம் அசையாது. சத்தம் பூரா கம்பியிலயே நிக்கும்."

அவள் வாசித்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு தட்டுத் தட்டினால் கார்வை அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் டிரம்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"அம்மாடி!" என்றாள் அவள். முகமெல்லாம் பூரிப்பு. இதை விட்டுப் போக மனசே வராது என்பது பார்த்தாலே தெரிந்தது. சேல்ஸ்மேன் மனசுக்குள் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றும் சுற்றிவிட்டார்.

பெரியவர் அதன் மரத்திலிருந்து உள்ளங்கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மொதல்ல வாசிச்சதே தேவலை!" கடை முழுக்க எதிரொலித்தது அந்தக் குரல். "இது ஊமைக் கிட்டார்!"

கேபினுக்குள் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். சேல்ஸ்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு மடங்கு விலை விற்கிற சாமான், ஊமையாமே!

"இன்னொரு தரம் கேளுங்க சார், ப்ளீஸ்" என்றார். மகள் தந்தையின் முழங்காலைத் தொட்டாள். அவர் மறுபடி உள்ளங்கையை மரத்தில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

இதுதான் சமயம் என்று சேல்ஸ்மேன் அவர் பக்கத்தில் குனிந்தார். "சார், முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். உங்களுக்காக இருபது பர்சென்ட் தள்ளுபடி. வெளியில சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுத்தார்.

பெரியவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அடேயப்பா, தள்ளுபடிக்குக்கூட மசியாத மனுஷனா இருக்காரே!

அவள் வாசித்து முடித்தாள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த முதல் கிட்டாரை எடுத்து இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார். அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

மகள் மடியிலிருந்த கிட்டாரை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். பெருமூச்சு விட்டாள். "அதுக்கே பில் போட்டுடுங்க."

சேல்ஸ்மேன் விடவில்லை. "பணம்தான் இடிக்குதுன்னா தவணையில தரலாம் மேடம்."

"பணம் இருக்குங்க. ரெண்டு வருஷமா இதுக்குன்னே சேத்தது."

"அப்புறம் என்ன மேடம்? உங்களுக்கு இது எவ்வளவு பிடிச்சிருக்குன்னு உங்க முகத்துலயே தெரியுதே! இன்னிக்கு இதை விக்கலேன்னா நாளைக்கு நான் குடோன்ல நிப்பேன். விக்காட்டியும் பரவாயில்ல, முதலாளிக்கு ஒரு பதிலாவது சொல்லணும். இதுல என்ன குறை கண்டார் உங்க அப்பா?"

அவள் வாசலைப் பார்த்தாள். பெரியவர் கிட்டாரின் கம்பி ஒன்றைத் தட்டிவிட்டு, அதன் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

"கிட்டார்ல ஒரு குறையும் இல்லீங்க. மரம் ஆடினாத்தான் அப்பாவுக்குப் பாட்டு. அவருக்குக் காது கேக்காது."