செம்பு கலந்த பெயின்ட்

"அலுமினியப் படகுக்குச் செம்பு கலந்த பெயின்ட் அடிச்சா, ஓட்டை விழ எத்தனை மாசம் ஆகும்?"

படகுச் சாமான் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக இந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க வழி கேட்பவர்கள்தான். ஓட்டை விழ வழி கேட்டு யாரும் வந்ததில்லை.

"அதை ஏம்மா அடிக்கணும்? அது மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும்தான். அலுமினியத்துல அடிச்சா, உப்புத் தண்ணி பட்டுத் தகட்டையே அரிச்சிடும். செம்பு இல்லாதது தனியா இருக்கு, தரட்டுமா?"

அந்தப் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "அரிக்கிறது வெளியே தெரியுமா?"

"தண்ணிக்குக் கீழ இருக்கிற பாகம். எப்படித் தெரியும்?"

"அது மேலயே வேற கலர் அடிச்சுட்டா?"

"சுத்தமா தெரியாது." சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது.

"நடுக்கடல்ல ஓட்டை விழுந்தா, கரைக்குத் திரும்ப நேரம் இருக்குமா?"

கடைக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவள் ஊர் ஆடிட்டரின் மனைவி. ஆடிட்டர் பரம சாது. போன வருடம் தானே தேடி எடுத்து, பேரம்கூடப் பேசாமல் இரண்டு டப்பா பெயின்ட் வாங்கிப் போனவர். மேஜை மேல் இருந்த அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார். படகுக் கயிறு இழுக்கிறவர்களின் கை மாதிரி காய்த்துப் போயிருந்தது. ஆடிட்டர் வீட்டம்மாவுக்கு இப்படியொரு கையா என்று அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"உக்காருங்கம்மா, உள்ள ஸ்டாக் பாத்துட்டு வர்றேன்."

உள்ளே போய்ப் பழைய பில்லில் ஆடிட்டரின் நம்பரைத் தேடி, போனில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா நம்ம கடையிலதான் இருக்காங்க. செம்பு பெயின்ட் அடிச்சா அலுமினியப் படகு எப்போ ஓட்டையாகும்னு கேக்கறாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க படகுல ஏறாதீங்க."



"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. அவளை அங்கேயே உக்கார வைங்க. இதோ வர்றேன்."

பாவம், மனிதர் ஆடிப்போயிருப்பார். ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வெளியே வந்த கடைக்காரர், கலர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பிப் பேச்சை வளர்த்தார். வருடத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும், பழைய பெயின்டை ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும், அந்தத் தூசியும் விஷம்தான் என்று அவளிடம் விளக்கிக்கொண்டே போனார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தவளின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து பெயின்ட் அலமாரியின் பின்னால் ஒதுங்கினாள்.

"இவர் எப்படி இங்க வந்தாரு?"

"நான்தான் கூப்பிட்டேன். நீங்க கேட்டதை எல்லாம் சொல்லிட்டேன். இனிமே அவரோட படகை நீங்க தொட முடியாதும்மா."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. மெதுவாகச் சொன்னாள்.

"படகு என்னோடதுண்ணா. போன வருஷம் அதுக்குச் செம்பு பெயின்ட் அடிச்சுக் குடுத்தவருதான் அவரு."