ஆறு மணிக்கு இருந்தபடி

பன்னிரண்டு மணிக்குப் பெண் வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வருகிறார்கள். கல்யாணத்தையே காணோம்.

பூவிழிக்குக் கை கால் ஓடவில்லை. பெரம்பலூர் ஸ்டுடியோவில் டிசைனராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மங்கலான படங்களை அழிக்கப் போய், போன வாரக் கல்யாணத்தின் மொத்த ஃபோல்டரையும் அழித்துத் தொலைத்திருந்தாள். முதலாளி நல்லதம்பிக்குத் தெரிந்தால் இன்றோடு வேலைக்கு முழுக்குதான்.

யோசனை கேட்கவும் பக்கத்தில் ஆளில்லை. கேமராமேன் அசோக் காலை எட்டு மணிக்கு வந்து, நேற்று எடுத்ததை ஸ்டுடியோப் படங்கள் மொத்தமும் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் ஏற்றிவிட்டு, வேப்பந்தட்டையில் ஒரு காதுகுத்து எடுக்கக் கிளம்பிப் போய்விட்டான்.

போதாக்குறைக்கு, வாசல் பெஞ்சில் எறையூர் தம்பதி, சக்தியும் பிரவீணாவும். ஒரே ஒரு படம் பிரிண்ட் வேண்டுமாம். கொஞ்சம் பொறுங்கள் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

அந்தப் பெட்டி தினமும் காலை ஆறு மணிக்குத் தன்னைத் தானே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பெட்டியை விற்றவருக்குப் போன் போட்டாள். ஒரு ஃபோல்டரை மட்டும் தேடி எடுக்க அரை மணி ஆகும், பெட்டியையே ஆறு மணிக்கு இருந்தபடி திருப்பினால் இரண்டு நிமிடம் என்றார் அவர்.

மணி பதினொன்றே முக்கால். திருப்பிவிட்டாள்.

மாலை மாற்றல், தாலி கட்டு, பந்தி என்று எல்லாம் வந்து நின்றன. பூவிழிக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் வீட்டார் வந்தார்கள், சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள், போனார்கள்.

அப்புறம்தான் பெஞ்சுக்காரர்களை உள்ளே கூப்பிட்டாள். சக்திதான் பேசினான்.

"நேத்து அசோக் அண்ணன் எங்க வூட்டுக்கு வந்து எடுத்தாருங்க. பச்சப்புள்ளய போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு செல்லுலகூட எடுக்காம இருந்தோம். இருபத்தாறு நாளுதான் இருந்துச்சு. பொதைக்கிறதுக்கு முன்னால எடுத்த படங்க."

நேற்றைய தேதியில் தேடினாள். ஒன்றும் இல்லை. அசோக் ஏற்றியது எட்டு மணிக்கு; காலை ஆறு மணிக்கு அந்தக் குழந்தை பெட்டிக்குள் வந்தே சேரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிரவீணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசோக்கின் கேமரா கார்டில் எப்படியும் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பூவிழி அவனுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"ஏத்துன கையோட கார்டை அழிச்சிட்டேம்மா. இன்னிக்குக் காதுகுத்து பூரா அதுலதான் எடுத்தேன்."